‘நாளைக்கு’ என்று சொல்லாத எங்கள் அப்பா

சென்ற மாசி மாதம் எங்கள் வாசலில் வந்து நின்று, பேச வார்த்தை வராமல் எங்கள் கையை மட்டும் பிடித்துக்கொண்ட உறவினர்களே, நண்பர்களே, மலையிலிருந்து இறங்கி வந்த பெரியோர்களே, அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரை உங்களுக்குத் தருகிறோம்.

அப்பா பட்டாளத்தில் இருந்தவர், ஜீப் ஓட்டியவர், குடிப்பழக்கம் இல்லாதவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்களுக்கே அவருடைய கடைசிச் சில வருடங்களில்தான் தெரியவந்தது. அதை எழுதலாமா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டேன். “நான் இருக்கறவரைக்கும் வேணாம்மா. அப்புறம் உங்க இஷ்டம்” என்றார். இப்போது அம்மாவிடம் கேட்டேன். “எல்லாத்தையும் எழுது. மறைச்சு மறைச்சு அந்த மனுசன் பட்டது போதும்” என்றார் அம்மா. எழுதுகிறேன்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூரில் அப்பா பிறந்தார். கையளவு நிலம்கூட இல்லாத குடும்பம். கரும்பு வெட்டும் பருவத்தில் தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போய்விடுவார்கள். வயலோரத்தில் கரும்புத் தோகையால் குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தப் பருவங்களில் விட்ட பாடங்களை மற்ற மாதங்களில் பிடித்து, எப்படியோ பத்தாம் வகுப்பு வரை அப்பா படித்துவிட்டார். அதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். கீழே இரண்டு தங்கைகள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றார். நாட்டுப்பற்றா என்று பின்னாளில் தம்பி கேட்டபோது, “மூணு வேளை சோறுடா. மொதல்ல அதுதான். மத்ததெல்லாம் அங்க போய்க் கத்துக்கினது” என்று சிரித்தார்.

அந்தச் சம்பளத்தில்தான் அத்தைகள் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதன் பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அம்மாவுக்கு ரிஷிவந்தியம் பக்கம். திருமணமாகி, நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அமைதிப் படையோடு அவருடைய பிரிவையும் இலங்கைக்கு அனுப்பினார்கள்.

ஊரில் நீங்கள் எல்லோரும் அப்பா காஷ்மீரில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அங்கேயும் இருந்தார், ஆனால் பிற்பாடு. அவர் போர் பார்த்தது இலங்கையில்.

அவருடைய பிரிவில் பெரும்பாலும் வடநாட்டவர்கள். தமிழ் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதனால் எந்த ஊருக்குள் போனாலும் அப்பாவைத்தான் முன்னால் அனுப்புவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, பயப்படாமல் வெளியே வாருங்கள், ஒன்றும் செய்யமாட்டோம் என்று அவர் கூப்பிட வேண்டும். தமிழ்க் குரலைக் கேட்டு அவர்களும் கதவைத் திறப்பார்கள். கதவு திறந்த பிறகு நடப்பது எதுவும் அவர் கையில் இல்லை. சொன்ன சொல் மட்டும் அவருடையது. “துப்பாக்கிய விட அந்த வேலதாம்மா பாரமா இருந்துச்சு” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஒரு நாள் மத்தியானம் பனங்காடுகளை ஒட்டிய ஒரு கிராமத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்தபோது குண்டுகள் விழத் தொடங்கின. யார் போட்டது, எங்கிருந்து வந்தது என்று எதுவும் தெரியவில்லை. ஆளுக்கொரு திக்கில் ஓடினார்கள். அப்பா ஒரு வீட்டுக் கொல்லைக்குள் ஓடினார். அங்கே அந்த வீட்டார் தோண்டி வைத்திருந்த பதுங்குகுழி தெரிந்தது. உள்ளே குதித்துவிட்டார். குதித்த பிறகுதான் உள்ளே ஆட்கள் இருப்பதைப் பார்த்தார். ஒரு பெண், அவருடைய கணவர், ஒரு சிறு குழந்தை. அடுத்த குண்டு மிக அருகில் விழுந்தது. மேலே அடுக்கியிருந்த பனங்கட்டைகளும் மண்ணும் சரிந்து வாசலை மூடிவிட்டன.

இருட்டு. மூக்கிலும் வாயிலும் மண். அவருடைய கை துப்பாக்கியைப் பிடித்தபடியே இருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அந்தப் பெண்தான் முதலில் பேசினார்.

“தம்பி, உந்தத் துவக்கை அங்கால வையுங்கோ. பிள்ளை பயப்பிடுது.”

அப்பா துப்பாக்கியைத் தடவித் தடவிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். அந்தக் கணவர் மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். நின்று வெட்ட இடம் போதாது. அவர் குனிந்து வெட்டித் தள்ள, அப்பா இரண்டு கைகளாலும் மண்ணை வாரிப் பின்னால் போட்டார். மூச்சு முட்டும்போதெல்லாம் நிறுத்தினார்கள். அப்பாவின் தண்ணீர்ப் புட்டி குழந்தையிடம் போய், அந்தப் பெண்ணிடம் போய், கணவரிடம் போய், கடைசியில் அப்பாவிடம் வந்தது. அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஊர் எது என்று மட்டும் அந்தக் கணவர் கேட்டாராம். கள்ளக்குறிச்சி என்று அப்பா சொன்னார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா ஓர் இடத்தில் நிறுத்துவார். “துப்பாக்கி அந்த மனுசனுக்குக் கையெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நெனச்சிருந்தா எடுத்திருக்கலாம். அவரு மம்பட்டியத்தான் எடுத்தாரு.”

வெயில் சாயும் நேரத்தில் ஒரு பொந்து திறந்தது. முதலில் குழந்தையை வெளியே விட்டார்கள். கடைசியில் வெளியே வந்தவர் அப்பா. வந்து பார்த்தால், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டு அவருடைய ஆட்கள் கொல்லையில் நிற்கிறார்கள். அந்தக் கணவரைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

இவர்தான் என்னைக் காப்பாற்றினார் என்று அப்பா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். மறுபடியும் சொன்னார். அதிகாரி கோபப்படவில்லை. வயதில் இருக்கும் ஆண்கள் எல்லோரையும் முகாமுக்குக் கூட்டிப்போய் விசாரிக்க உத்தரவு, விசாரித்துவிட்டு நாளைக்கு அனுப்பிவிடுவோம், அந்த அம்மாவிடம் அதைச் சொல் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அதிகாரியின் முகம் கண்ணில் படவேயில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்கோ தம்பி. விடுவினமோ?”

“நாளைக்கு வந்துருவாருக்கா” என்றார் அப்பா.

அந்தப் பெண் அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அப்பாவின் வாயால் கேட்டதால்தான் அவர் அப்படி அமைதியாகப் போனார். அதுதான் அப்பாவை வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் அப்பாவின் பிரிவை லாரிகளில் ஏற்றி வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் திரும்பி வந்தாரா என்று கேட்டறிய வழியில்லை. கேட்டபோது, உன் வேலையைப் பார் என்றார்கள். அந்த ஊரின் பெயர் தெரியும். அந்தப் பெண்ணின் பெயரோ, கணவரின் பெயரோ அவருக்குத் தெரியாது. குழிக்குள் கேட்கத் தோன்றவில்லை என்றார்.

அப்பா ஊர் திரும்பியபோது இங்கே யாருக்கும் அந்த அமைதிப் படையின் மேல் நல்ல எண்ணம் இல்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பெட்டியோடு இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், பக்கத்தில் இருந்த பெரியவர் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இலங்கையைப் பற்றித்தான் கடையில் அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காஷ்மீர் என்று அப்பா சொன்னார். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் போன இடம் தெரியும், நடந்தது தெரியாது. இலங்கை என்ற பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது மட்டும் அம்மாவுக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். பகலில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவே மாட்டோம். மழைச் சாரல் கூடம் வரை வந்தாலும் அப்பா சாத்த விடமாட்டார். குளியலறைக்கு வெகுநாள் திரைச்சீலைதான். நான் பெரியவளானதும் அம்மா கட்டாயப்படுத்திக் கதவும் தாழ்ப்பாளும் போட வைத்தார். அன்று முதல் அப்பா வயல்வெளி மோட்டார் கொட்டகையில்தான் குளித்தார். பட்டாளத்துக்காரர், அப்படித்தான் இருப்பார் என்று அத்தைகள் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

இன்னொன்றும் உண்டு. ‘நாளைக்கு’ என்ற சொல் அப்பா வாயில் வராது. பென்சில் வேண்டும் என்றால் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார், அல்லது முடியாது என்பார். நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எப்போது பதில் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, அப்போதே பதில் சொல்லிவிட்டார். அவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். என் கணவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்று வந்தபின், முன்னாள் ராணுவத்தினருக்கு என்று ஏ.டி.எம். ஒன்றில் காவல் வேலை கிடைத்தது. குளிரூட்டிய கண்ணாடி அறை, உட்கார நாற்காலி. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். “கதவு தானா சாத்திக்கினா இன்னா, தெறந்துகினு வந்தா போச்சு” என்று திட்டிவிட்டு அம்மா மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தார். அதன் பிறகுதான் பழைய ஜீப் ஒன்றை வாங்கிக் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். பக்கங்கள் திறந்த ஜீப். மலையில் இருப்பவர்கள் அவரை ‘மிலிட்டரி’ என்றே கூப்பிட்டார்கள். கடுக்காய் மூட்டை, புளி மூட்டை, ஆட்டுக்குட்டி, ஆஸ்பத்திரிக்கு இறங்கும் நோயாளி என எல்லாமும் எல்லோரும் அதில் ஏறினார்கள்.

ஓர் ஐப்பசியில் அடைமழை பெய்து மலைப்பாதையில் மேலேயும் கீழேயும் பாறைகள் சரிந்துவிட்டன. ஜீப் நடுவில் மாட்டிக்கொண்டது. உள்ளே காய்ச்சல்காரப் பெண் ஒருத்தியும் அவளுடைய வீட்டாரும். நாளைக்குள் வழி திறந்துவிடுமா என்று அந்தப் பெண்ணின் தாய் மறுபடியும் மறுபடியும் கேட்டிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் ஆறுதலுக்காவது ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. ஜீப்பை அவர்களிடம் விட்டுவிட்டு, சரிந்த பாறைகள் மேல் ஏறி இறங்கி, மழையில் அடிவாரம் வரை நடந்து வந்தார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு, நோயாளியைத் தூக்கிவரக் கட்டிலும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். சென்ற ஆண்டு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அதிகம் அழுதவர் அவர்தான். ஏன் அன்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனார் என்று அவருடைய தாய் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கான பதிலைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன்.

தம்பியின் திருமணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தோம். தெரிந்த மேஸ்திரி அனுப்பிய பெயிண்டரின் பெயர் ரவீந்திரன். மாவட்டத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். முதல் நாள் காலையில் அவர் ஏணியை எங்கே வைப்பது என்று அம்மாவிடம் கேட்டார். அந்த இலங்கைப் பேச்சைக் கேட்டதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முழுவதும் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவும் உள்ளே வரவில்லை. மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் மத்தியானம் ரவீந்திரன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பா வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். மன்னார் என்றார் அவர்.

பிறகு அப்பா சொல்லத் தொடங்கினார். நானும் அம்மாவும் தம்பியும் அங்கேயே நின்றோம். நான் மேலே எழுதிய அத்தனையையும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டோம். ரவீந்திரன் அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. “இன்னாத்துக்குங்க இதெல்லாம் இப்போ?” என்று அம்மா நடுவில் மெல்லக் கேட்டார். அப்பா நிறுத்தவில்லை. முடிவில், அந்த மனிதர் வந்திருப்பாரா என்று கேட்டார்.

ரவீந்திரன் அண்ணன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்குத் தெரியாது ஐயா. வந்தவையும் இருக்கினம், வராத ஆக்களும் இருக்கினம். என்ர தமையனும் வரயில்லை. அவரைக் கொண்டுபோனது வேற ஆக்கள். உங்கட மனம் ஆறட்டும் எண்டு நான் ஓமெண்டு சொல்ல ஏலாது.”

அப்பா தலையசைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இவரும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. ரவீந்திரன் அண்ணன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, மறுபடியும் ஏணியில் ஏறினார். அப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலை வரை விடவில்லை.

போகும்போது அந்த ஊரின் பெயரை ரவீந்திரன் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். கனடாவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களிடமும் அங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கும் தெரிந்தவர்களிடமும் விசாரித்துப் பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அவர் பலமுறை வீட்டுக்கு வந்தார். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாட்களில் மட்டும் வரமுடியாது. இங்கேயே வளர்ந்து, இங்கேயே திருமணம் செய்து, பிள்ளைகளும் பெற்றவர். ஆனாலும் சொல்லாமல் வெளியூரில் ஓர் இரவு தங்க முடியாது. அதை அவர் சொன்னபோது அப்பா, “நீயும் உள்ளதான் இருக்கியா” என்றார்.

தம்பியின் திருமணம் முடிந்த மறு வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க அந்தக் குழாய்க்குள் அவரைத் தள்ளியபோது, அசையும் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அங்கிருந்த ஊழியர்களுக்கு முதலில் புரியவில்லை. அம்மா அவர்களிடம் விவரம் சொல்லி, உள்ளே போய் நின்று, முடியும் வரை அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மலைக்கும் அடிவாரத்துக்கும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மனிதர் அதற்குப்பின் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கூடத்தில், திறந்த கதவுக்கு நேராகக் கட்டிலைப் போட்டோம். வாசல் கண்ணெதிரே இருந்தது, அவரால் அங்கே போகத்தான் முடியவில்லை. ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதற்கும் யாராவது வேண்டும். அந்த நாட்களில் அம்மாவும் வெளியே போவதை விட்டுவிட்டார். திருமணம், கோயில், எதற்கும் போகவில்லை. நானும் தம்பி மனைவியும் மாறி மாறி வருவோம். நாங்கள் எல்லோருமே அந்தக் கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது தெரியும். எங்களைப் பார்க்கும்போது கண்ணைத் திருப்பிக்கொள்வார்.

அவர் படுத்திருந்த இரண்டாவது தை மாதம் ரவீந்திரன் அண்ணன் வந்தார். செய்தி கிடைத்திருந்தது. அந்த ஊரில் வயதான ஒருவரை விசாரித்திருக்கிறார்கள். குண்டு விழுந்து மூடிய பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்த குடும்பம் ஒன்று அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் குடும்பத்து ஆணை விசாரணைக்குக் கொண்டுபோனதும், சில வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஊரில் அன்று மூடிய குழிகள் ஒன்றிரண்டு இல்லை. இவர் சொல்வது அந்தக் குடும்பத்தைத்தானா என்று பெரியவருக்கு உறுதியில்லை. பிற்பாடு நடந்த பெரிய இடப்பெயர்வில் அந்தக் குடும்பமும் போய்விட்டது. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பின்கட்டில் நின்று பேசினோம். வந்துவிட்டார் என்று மட்டும் சொன்னால் போதுமே என்றான் தம்பி. படுத்த படுக்கையாக இருக்கும் மனிதருக்கு அதில் என்ன குறை என்று கேட்டான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “தெரியாதத தெரிஞ்ச மாரி சொல்லிட்டுத்தான் அவரு இத்தினி வருசம் இப்படிக் கெடந்தாரு. நாமளும் அதையே அவருக்குப் பண்றதா?” என்றார்.

ரவீந்திரன் அண்ணன்தான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு குழறிக் குழறி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

“அந்தப் பொண்ண யாராச்சும் பாத்தாங்களான்னு கேக்குறாரு.”

இல்லை என்றார் ரவீந்திரன் அண்ணன். அப்பா அசையும் கையால் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான். அவருக்கு நிம்மதி வந்ததென்று நான் எழுத முடியாது. அன்று மாலை கொஞ்சம் கூடுதலாகக் கஞ்சி குடித்தார். அடுத்த மாதமே, ஒரு காலை வேளையில், அம்மா முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

அப்பாவைப் படுக்கையில் புரட்டவும் குளிப்பாட்டவும் கூசாமல் கைகொடுத்த அத்தைப் பிள்ளைகளுக்கு எங்கள் வணக்கம். அவர் கட்டிலைக் கதவருகே போட அனுமதித்த மருத்துவமனைச் செவிலியர்களுக்கு நன்றி. மழையையும் பாராமல் வெள்ளிமலையிலிருந்து ஜீப்புகளில் இறங்கி வந்தவர்களுக்கு நன்றி. அப்பாவைச் சுமந்த தோள்களில் ரவீந்திரன் அண்ணனின் தோளும் ஒன்று. அன்று மாலைக்குள் அவர் முகாமுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஈரத் துணியோடு பேருந்து ஏறிப் போனார். அண்ணா, உங்களுக்கு நாங்கள் பட்டது பெரிய கடன். உங்கள் தமையனார் பற்றிய செய்தியும் உங்களுக்கு ஒரு நாள் வரட்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறார்.

இம்மலரைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் உறவோ நட்போ இருந்தால், தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடைசியாக, அறியாத வீட்டின் குழிக்குள் துப்பாக்கியோடு வந்து விழுந்த எங்கள் அப்பாவைத் தம்பி என்று அழைத்த அந்த அக்காவுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களுக்கென்று இம்மலரில் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறோம். மேலே என்ன பெயர் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்காகவும் தம்பிக்காகவும்,
மூத்த மகள்